சடங்கு எதுவரை மருந்தாகும்?

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' 1998இல் வந்தது. 2014இல் வந்த நூலுக்கு 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்' என்று பெயர். மனங்களிலிருந்து சமூகங்களுக்கு நகர்ந்த அந்த நகர்வுதான் அவருடைய பெரும் பங்களிப்பு. சிக்கல்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்குலைவைக் குறிக்கும் பி.டி.எஸ்.டி. என்ற நோய்க்கணிப்பு ஒருவருடைய மனதுக்குள் நடப்பதை மட்டும் பார்க்கிறது. உள்நாட்டுப் போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, உறவும் அயலும் சிதறி, பக்கத்து வீட்டாரிடம் வாய்திறக்கவே அஞ்சிய சனத்துக்கு அது போதவில்லை. இலங்கையின் வடக்கில் உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையும் இருந்தது. ஆகவே ஆசிரியர்களும் கிராமப் பணியாளர்களும் பயிற்றப்பட்டார்கள். மூச்சுப் பயிற்சியோடு சைவருக்கு மந்திரம், முஸ்லிமுக்கு இறைவனை நினைந்து ஓதும் திக்ர், கிறிஸ்தவருக்குச் செபம் என அவரவர் வழக்கமே சிகிச்சையில் சேர்ந்தது. செத்தவீட்டு ஒப்பாரியும், எட்டுச்செலவு, அந்தியேட்டி ஆகிய இறப்புச் சடங்குகளும் துக்கத்தை ஆற்றும் ஏற்பாடுகளாக மதிக்கப்பட்டன. வெளியிலிருந்து வரும் ஆற்றுப்படுத்துநருக்கு இது எளிதில் பிடிபடாது.

அவர் மருந்துச்சீட்டோடு நின்றவரும் அல்லர். போர்க்கால வன்முறைகளைப் பதிவுசெய்த 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். இன்னொருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிள்ளைகள் ஏன் ஆயுதம் தூக்குகிறார்கள் என்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியபோது, பிள்ளையின் மனதை மட்டும் துருவாமல் அதைச் சூழ்ந்திருந்த ஒடுக்குமுறையையும் பேசினார். வன்முறையைத் தடுக்க நினைப்பவர் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

சடங்கு வழி எங்கே முட்டி நிற்கிறது? உடல் இல்லாத மரணத்தில். போரின் முடிவில் மகன் இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்ணால் கண்ட தாயிடம் அந்தியேட்டியைச் செய்துவிடுங்கள் என்பது, அவன் செத்துவிட்டான் என்று அவளையே ஒப்பமிடச் சொல்வது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்திய, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டது ஆறுதலை அல்ல, பதிலை. மரணச் சான்றிதழை வாங்க மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பை ஆறாத துக்கத்தின் அறிகுறி என்று ஏட்டில் குறிப்பது எளிது. எனக்கு அது தெளிந்த அரசியல் முடிவாகவே படுகிறது. சோமசுந்தரம் இதை அறியாதவர் அல்லர். ஆனால் சமூகத்தை நோயாளியாகப் பார்க்கும் மொழியில், குற்றவாளியைச் சுட்டும் விரல் மெல்ல மடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

இத்தகைய சிகிச்சையின் பலனை அளப்பதும் கடினம். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. நடந்ததைக் கதையாகச் சொல்லவைத்த குழுவில் ஆறு மாதத்தில் 81 விழுக்காட்டினர் தேறினர். தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்த குழுவில் 71. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வித்தியாசத்துக்குப் பெரிய பொருளில்லை. உள்ளூர் வழக்கத்தின் பக்கம் நிற்பவருக்கு இது தெம்புதான். ஆனால் ஊர்முழுக்கச் செய்யும் வேலையை எதனோடு ஒப்பிடுவது? ஒப்பீட்டுக்காக எந்த ஊரைச் சிகிச்சையின்றிக் கைவிட்டு வைப்பது?

இன்னொன்று, போர் குலைத்த சமூகம் அதற்கு முன் எல்லோருக்கும் அடைக்கலமாக இருந்ததுபோல ஒரு தொனி இத்தகைய எழுத்தில் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினர் 1968இல் போராடவேண்டியிருந்தது. கணவனை இழந்தவளைக் கல்யாணவீட்டில் பின்னுக்குத் தள்ளும் வழக்கமும் அதே மரபுதான். ஊரின் வழக்கங்களுக்கு உயிரூட்டப் போகும் பயிற்றுநர்களின் கையேட்டில் இதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.