மறுக்க முடிகிற கூலி

நெல்லாக அளந்த காலத்தில் கூலிக்காரர் வயிறு காயவில்லை, காசு வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்று தென்பெண்ணைக் கரையில் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை. விலைவாசி எப்படி ஏறினாலும் படி நெல் படி நெல்தான்; ரூபாய் அப்படி நிற்பதில்லை. மரக்கால் யார் கையில் இருந்தது என்று கேட்டால்தான் மறுபாதி தெரியும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கோயில் ஆடல்மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் பெறும் பங்கும் வைத்தது. எந்த மரக்காலால் அளப்பது, பங்குடையவர் இறந்தால் யார் பெறுவது என்பது வரை கல்லில் உண்டு. சோழர் காலத்தைப் புகழ இதை எடுத்துக்காட்டுவார்கள். அந்த நெல்லை விளைவித்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. அவர்களுக்கு அளந்து போட்டது நிலக்காரர். அரைப் படி கூடுதலாகக் கேட்ட தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். நெல்கூலிக்கு ஏங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்வராயன் மலையிலோ அந்த அரைப் படிப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகை. அவர்கள் நிலத்தில் மலைமக்கள் கூலியில்லாமலே உழைத்தார்கள்.

அப்படியானால் பணம் விடுவித்ததா? மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களைப் பாருங்கள். டன் கணக்கில் ரொக்கக் கூலி, ஆனால் வெட்டு தொடங்கும் முன்பே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது. கைக்கு வந்த பணம் வீட்டுச் செலவில் கரைந்துபோக, உழைப்பு மட்டும் பாக்கி நிற்கிறது. உடம்பு முடியாத நாளில்கூட வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976இல் வந்ததுதான். முன்பணம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

நெல்லா காசா என்ற பழைய வழக்கை அதனால் தள்ளுபடி செய்துவிடலாம். இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டும் அடுப்பெரிக்க முடிகிறதா என்பதே என் அளவுகோல். அதில் வைத்துப் பார்த்தால் நூறுநாள் வேலைக்குத்தான் முதலிடம். 2006இல் தமிழகத்தில் அது தொடங்கிய ஆறு மாவட்டங்களில் அன்றைய விழுப்புரமும் ஒன்று. இந்தப் பகுதி அடங்கிய இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் அப்போது அதற்குள் இருந்தது. நாள்கூலி அன்று 80 ரூபாய், 2025-26இல் 336. தொகை சிறிதுதான். வேலை நடக்கவில்லை, ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுந்து வருகிறார்கள் என்ற கேலியிலும் சில இடங்களில் உண்மை உண்டு. 15 நாளில் தர வேண்டிய கூலி மாதக்கணக்கில் நின்று, 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்கு எழுத வேண்டியும் வந்தது. எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அதுவும் அவரவர் வங்கிக் கணக்கில். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலக்காரர்கள் புலம்புகிறார்கள். விவசாயத்துக்கு அது உண்மையான நெருக்கடி என்பதை மறுக்கவில்லை. நடவுக்குப் போகிற பெண் கூலியைப் பேசி முடித்துவிட்டு வயலில் இறங்க முடிந்திருக்கிறது என்பதும் அந்தப் புலம்பலிலேயே இருக்கிறது.

என் தீர்ப்பில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நூறுநாள் வேலைச் சட்டம் ஊராட்சிகளுக்காக எழுதப்பட்டது; தென்பெண்ணைக் கரையிலுள்ள இந்த மணலூர்பேட்டையோ பேரூராட்சி. சுற்றுக் கிராமத்துப் பெண்ணோடு ஒரே வயலில் நாற்று நடுகிற இந்த ஊர்ப் பெண்ணுக்கு நூறுநாள் வேலை அட்டை கிடையாது. நிலக்காரர் சொன்ன கூலிக்கு அவள் இன்னும் தலையாட்ட வேண்டியிருக்கிறது.