பார்வையாளர் தேவைப்படாத ஆட்டம்

'பொம்பளைங்க பாஸ்கெட்பால யாருப்பா பாக்குறா?' என்கிறார்கள். வேகமில்லை, உயரமில்லை என்று காரணமும் தயாராக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 2024இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் 1.8 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தனர். ஆண்கள் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 1.5 கோடிப் பேர்தான். வளையம் அதே 10 அடி உயரத்தில்தான் இருந்தது. நான்கு வருடங்களாகக் கெய்ட்லின் கிளார்க்கைச் சுற்றி ஒரு கதையாடல் கட்டப்பட்டிருந்தது. பார்வையாளர் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்.

நம்மூரில் அது ஏன் நடக்கவில்லை? இங்கே பெண்கள் கூடைப்பந்தில் 'தொழில்' என்பது ஆட்டமல்ல, உத்தியோகம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம், பிறகு ரயில்வேயில் வேலை. ரயிலுக்கு டிக்கெட் விற்கிற துறைக்கு ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. தவிர, ரயில்வே ஓர் ஊருமல்ல. பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ அது 'நம்ம டீம்' ஆவதில்லை. 2011இல் மூன்று அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்குப் போன கீத்து அன்னா ஜோஸ், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை இருவரும் தென்னக ரயில்வேக்கு ஆடியவர்கள். அதே ரயில்வேயின் மின்ரயிலில் தாம்பரத்திலிருந்து தினமும் கடற்கரைக்குப் போய்வருகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

அதற்காக வேலையை ஒழித்துவிட்டுச் சந்தையிடம் போ என்று சொல்ல மாட்டேன். ஏழை வீட்டுப் பெண் அரை டவுசரோடு மைதானத்துக்கு வர வீடு சம்மதிப்பது அந்த வேலையை நம்பித்தான். சந்தையின் லட்சணமும் தெரிந்ததே: 2014இல் தொடங்கிய ஆண்கள் கபடி லீக் நிலைத்துவிட்டது, 2016இல் அதே ஏற்பாட்டாளர்கள் மூன்று அணிகளோடு நடத்திய பெண்கள் கபடி அந்த ஒரு பருவத்தோடு சரி. கதை உருவாக அவகாசமே தரவில்லை.

வேலை இருக்கட்டும், கூடவே ஊருக்கு ஓர் அணி, வாரத்தில் ஒரு நாள், அதே மைதானம் வேண்டும். பழக்கம்தான் ரசனை. ஆனால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இந்த ஆட்டத்தின் முதல் பார்வையாளர்களாக இருக்க வேண்டியவர்கள் பள்ளிக்கூடத்தில் பந்தடித்த பெண்கள். சாயங்காலம் ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள், இல்லையென்றால் மின்ரயிலின் மகளிர் பெட்டியில் நின்றுகொண்டே வீடு திரும்புகிறார்கள். காலியாகக் கிடக்கிற காலரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஓய்வின் அரசியலைப் பேசாமல், ஆடுகிறவளின் உயரத்தை அளந்துகொண்டிருப்பதில் என்ன நியாயம்?