தனிக்குவளையில் நாயனம்: ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது பற்றிச் சில குறிப்புகள்

தமிழில் இசை விமர்சனம் என்று அச்சில் வந்ததைக் காட்டிலும் அச்சுக்கு வராமல் போனதுதான் அதிகம். கல்கி, சுப்புடு என்று இரண்டு மூன்று பெயர்களை விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் ‘கச்சேரி களைகட்டியது’ ரகம். உருப்படியான விமர்சனம் நடந்த இடம் வேறு. ஸ்பூல் டேப்பும் காசெட்டும் வைத்திருந்தவர்களின் வீட்டுக் கூடங்களில் அது நடந்தது. ஒருவர் மதுரை மணி அய்யரின் ஒரு கச்சேரியைக் கொண்டுவருவார். இன்னொருவர் அதே உருப்படியை அவர் வேறு ஊரில் பாடியதைக் கொண்டுவருவார். இரண்டையும் போட்டுக் கேட்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, சண்டை போட்டு, கடைசியில் வெற்றுக் காசெட்டில் படி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மணி அய்யரின் இசை இன்றைக்கு நம்மிடம் இருப்பதே பெருமளவு இந்தத் தனியார் பதிவுகளால்தான். கம்பெனிகள் வெளியிட்டது சொற்பம். கேட்பவர்களே கட்டிய எதிர்-ஆவணக்காப்பகம் இது என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லிப் புல்லரித்துப் போவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். அந்தக் கூடத்தில் எது எதோடு ஒப்பிடப்பட்டது? எது ஒப்பீட்டுக்கே வரவில்லை?

நான் போய்வருகிற வட்டம் கும்பகோணத்தில் இருக்கிறது. ஏழெட்டுப் பேர். ஓய்வுபெற்ற அதிகாரிகள், இரண்டு வாத்தியார்கள், ஒரு மருந்துக்கடைக்காரர். காசெட் போய், பென் டிரைவ் வந்து, இப்போது எல்லாம் செல்போனுக்குள் அடங்கிவிட்டது. கேட்கும் முறை மட்டும் மாறவில்லை. ஒரு ராகம், ஐந்து பதிவுகள், ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, மார்க்கு. சென்ற முறை தோடி. ஜி.என்.பி., செம்மங்குடி, மணி அய்யர் என்று வரிசை போனது. நான் எடுத்துப் போயிருந்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து மாற்றியது. போட்டதும் கூடம் அமைதியானது. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். முடிந்ததும் வட்டத்தின் பெரியவர் சொன்னார்: “நாயனம் தனி கேட்டகரி சார். அதுக்கெல்லாம் நாம மார்க் போடக்கூடாது. அது தெய்வாம்சம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். சீட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

இந்தத் தலையாட்டலைத்தான் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும். மரியாதை குறைவாக யாரும் எதுவும் சொல்லவில்லை. மரியாதை அதிகமாகித்தான் அவர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். டீக்கடையின் தனிக்குவளை தெரியும். இங்கே குவளை வெள்ளியில் செய்யப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். (தலித்துகள் பட்ட, படுகிற கொடுமையோடு இசை வேளாளர் நிலையை நான் சமன் செய்யவில்லை. வெள்ளிக்குவளை கிடைத்தவர்களுக்குக் கீழே குவளையே கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி வட்டம் எதிலும் பறையின் பதிவு ஒன்றை யாரும் போட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.) சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ராஜரத்தினத்துக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் இறந்த 1956ஆம் ஆண்டில்தான் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு, நாகசுரக்காரர் ஒருவருக்கு, அது போனது. அகாடமி தொடங்கியது 1928இல் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, நாயனம் நிஜமாகவே தனி வகையா? தோடியையே எடுத்துக்கொள்வோம். அந்த ராகத்தின் உயிர் காந்தாரத்தின் அசைவில் இருக்கிறது. நின்று ஒலிக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். நாகசுரத்தில் சாவி கிடையாது. துளையை எவ்வளவு மூடுவது, சீவாளியை உதட்டில் எப்படிப் பிடிப்பது, எவ்வளவு காற்று விடுவது என்பதிலேதான் அந்த ஆட்டம் பிறக்க வேண்டும். ராஜரத்தினம் பதிவில் முதலில் நீளமாக ஊதி நிறுத்துகிறார். பிறகு ஒரே மூச்சில் பிருகாக்கள் பொலபொலவென்று கொட்டுகின்றன. கொட்டி முடிந்த இடத்தில் மறுபடியும் அந்தக் காந்தாரம், அலுங்காமல். இதைக் கேட்ட காதோடு ஜி.என்.பி.யின் தோடிக்குப் போனால் அவருடைய பிருகா எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஜி.என்.பி.யும் மறைத்தவரில்லை, செம்மங்குடியும் நாகசுரம் கேட்டு வளர்ந்ததைச் சொன்னவர்தான். கோயில் வீதியில் விடிய விடிய ஒரு ராகத்தை விரித்த மரபிலிருந்து சபா மேடையின் ஆலாபனை கடன் வாங்கியிருக்கிறது. அப்படியானால் மார்க்குச் சீட்டில் கடன் வாங்கியவர்களை ஒருவருக்கொருவர் ஒப்பிடுகிறோம். கடன் கொடுத்தவரைக் கும்பிட்டு வெளியே உட்கார வைக்கிறோம். ‘தெய்வாம்சம்’ என்ற சொல் இங்கே செய்கிற வேலை இதுதான். உழைப்பையும் உத்தியையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாயனத்தைக் கொண்டுவந்தவர் ராஜரத்தினம். மரமும் துளையும் அளவுமாக யோசித்த ஒரு மூளைக்குத் தெய்வம் என்று பெயர் வைப்பது பாராட்டா?

இசைத்தட்டு வந்த புதிதில் நிலைமை வேறாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் கிராமபோன் கம்பெனிகளுக்குத் தெற்கே பாடிக் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள், தேவதாசி மரபினர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். குரல் போய்விடும், மானம் போய்விடும் என்று மேல்சாதி ஆண் வித்வான்கள் பலர் தயங்கியபோது இவர்கள் அந்தக் கூம்பின் முன்னால் நின்றார்கள். தாயியின் தட்டைக் கேட்டு மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் தன் ‘ராகமாலிகா’வை எழுதினார். பாரீசுக்குப் போன குரல் நம் கூடத்துக்கு வரவில்லை. வந்தாலும் “ஒரே கரகரப்பு சார்” என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கரகரப்பு விஷயம் அற்பமானதல்ல. வீணை தனம்மாள் 1932இல் கொலம்பியாவுக்கு வாசித்த தட்டுகள் இரண்டு விதமாகச் சுற்றில் இருக்கின்றன. ஒன்று ஊசி உரசும் சத்தத்தோடு அப்படியே மாற்றியது. இன்னொன்று கம்ப்யூட்டரில் போட்டுச் ‘சுத்தம்’ செய்தது. வட்டத்தில் எல்லோருக்கும் இரண்டாவதுதான் பிடிக்கிறது. நான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சுத்தப் பதிவில் இரைச்சலோடு சேர்ந்து மீட்டின் நகச்சத்தமும் போய்விட்டது. தந்தியை விரல் தொடுகிற அந்தக் கணம் இல்லை. நாதம் எங்கிருந்தோ மிதந்து வருகிறது. அந்தம்மாளின் வாசிப்பே ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெல்லியது என்பார்கள். அதில் விரலையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? இரைச்சலைக் கழிக்கும் கருவிக்கு எது இரைச்சல் என்று யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் காதுகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தட்டுகள் எல்லாம் கறாராக 78 சுற்றில் பதிவானவை அல்ல. மாற்றும்போது ஏறத்தாழ 82, 83 சுற்றில் ஓடவிட்டால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். குரல் இளமையாகும், பிருகா வேகம் பிடிக்கும். காசெட்டிலிருந்து காசெட்டுக்குப் படி எடுத்தபோதும் இதே கூத்துதான். “என்ன சாரீரம்யா!” என்று நாம் தொடையில் தட்டுவதில் பாதி, மோட்டாருக்குச் சேர வேண்டிய பாராட்டாக இருக்கலாம். மார்க்குப் போடுகிறவர்கள் முதலில் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் எரிச்சலூட்டுவது பெயர்ச்சீட்டு. காசெட் உறையிலும் சரி, இன்றைய கோப்பின் பெயரிலும் சரி, பாடகர் இருப்பார், ராகம் இருக்கும். மிருதங்கம் யாரென்று சில சமயம் இருக்கும். நாகசுரப் பதிவில் தவில் யார் என்பது அநேகமாக இராது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்று கைவிரலில் எண்ணக்கூடிய பெயர்கள் தப்பின. மற்றவர்கள் ‘தவில் துணை’. போகட்டும், மிருதங்கத்தில் பாலக்காடு மணி அய்யரின் நாதத்தை நாள் முழுக்கப் பேசுகிறோம். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, அந்த நாதத்தை அவரோடு சேர்ந்து தேடியவர் பர்லாந்து, தஞ்சாவூர் தலித் கிறித்தவக் கைவினைஞர். 2020இல் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ வரும்வரை எங்கள் வட்டத்தில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எனக்கும்தான். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாமல் ஒரு தனியாவர்த்தனம் கிடையாது என்பதை நினைவூட்டினால் கூடத்தில் காப்பி ஆறிப்போகிறது.

இதையெல்லாம் படிக்கும் தோழர்கள் சிலர் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்: “பாப்பான் சங்கீதத்தில் உனக்கென்னய்யா வேலை? விட்டுத்தொலை.” இந்தக் கேள்வியின் கோபம் நியாயமானது, முடிவு தவறு. தனம்மாளும் ராஜரத்தினமும் கோயம்புத்தூர் தாயியும் பர்லாந்தும் இருக்கிற ஒன்றைப் ‘பாப்பான் சங்கீதம்’ என்று நாமே எழுதிக்கொடுப்பது, சபாக்காரர்கள் பொய்யாகத் தயாரித்த பட்டாவில் நாம் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகும். கட்சி மேடைப் பாட்டையும் கே.ஏ. குணசேகரனின் குரலையும் இதே மாதிரி கைமாற்றிக் காசெட்டில்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். படி எடுக்கத் தெரிந்த நமக்கு இந்த இன்னொரு குவியல் மட்டும் ஏன் தீட்டு? கேட்காமல் ஒதுக்குவதும் கும்பிட்டு ஒதுக்குவதும் ஒரே கட்டத்தைத்தான் காலியாக விடுகின்றன.

அடுத்த மாதத்துக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் பதிவுகள் சிலவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டை மட்டும் கேட்டு அவரை முடித்துவிடுகிற வழக்கத்துக்கு மாறாக, ராஜரத்தினத்தின் தோடிக்குப் பக்கத்திலேயே சிஷ்யனின் தோடியை வைத்துக் கேட்பதாக உத்தேசம். குருவின் வேகம் இவரிடம் எங்கே நிதானமாகிறது, அந்த நிதானத்தில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று பேச வேண்டும். மார்க்கும் போட வேண்டும். எனக்குத் தெரிந்த தவில்காரர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லை வைத்தே, கை யாருடையது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார். அவர் சொல்லச் சொல்லக் கோப்புகளுக்குப் பெயரை மாற்றி எழுத வேண்டும்.