கவிதையில் நிறம்: சில குறிப்புகள்

இன்றைய கவிதைகளில் நிறங்கள் மிகுந்துவிட்டன. நீலத் தனிமை, மஞ்சள் மௌனம், சாம்பல் நிறக் காத்திருப்பு என்ற வகைத் தொடர்கள் இல்லாத தொகுப்பு அபூர்வம். ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் ஒரு நிறத்தை வைத்துவிட்டால் உணர்ச்சி தானாக வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. பெயின்ட் கடை ஷேடு கார்டிலும் இதே நம்பிக்கைதான். படுக்கையறைக்கு நீலம், அமைதி தரும். சாப்பாட்டு அறைக்கு ஆரஞ்சு, பசியைத் தூண்டும். படிக்கிற அறைக்குப் பச்சை. ஷேடு கார்டு விற்பனைக்காக அச்சிடப்படுவது, அதன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. கவிஞன் அதையே தன் அனுபவம் என்று நம்பத் தொடங்கும்போதுதான் விஷயம் விமர்சனத்துக்கு உரியதாகிறது.

நீலத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் நீலத்துக்கும் துயரத்துக்கும் என்ன சம்பந்தம்? விஷம் தங்கிய கழுத்து நீலம், கடல் நீலம், மயில் நீலம், கண்ணுக்கு உவமையாக வருகிற பூ நீலம். இவற்றில் அச்சம் உண்டு, அழகு உண்டு, விரிவு உண்டு, துயரம் இல்லை. துயரம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. மனம் சோர்ந்தவனை அந்த மொழி நீலமாக இருக்கிறான் என்று சொல்லும். அமெரிக்கக் கறுப்பர்களின் இசைக்கு ப்ளூஸ் என்றே பெயர். அது அவர்கள் பட்டுச் சேர்த்த நீலம். நாம் அதை மொழிபெயர்ப்பில் வாங்கிக்கொண்டோம், நீலப்படம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டது போல. ஆபாசத்துக்குத் தமிழ் வைத்திருந்த நிறம் நீலம் அல்ல. ‘பச்சை பச்சையாகப் பேசினான்’ என்றுதான் தெருவில் சொல்கிறார்கள். இதைக் கவனிக்கிற காது இருந்தால் நீலத் தனிமை எழுதக் கொஞ்சம் தயக்கமாவது வந்திருக்கும்.

ஒவ்வொரு நிறமும் மனத்தில் தனக்கென்று ஒரு விளைவை உண்டாக்குகிறது என்பதை ஐரோப்பாவில் விரிவாக எழுதியவர் கதே. 1810-ல் வெளியான அவருடைய நிறக் கோட்பாட்டு நூலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நூறு வருஷம் கழித்து, 1911-ல், காண்டின்ஸ்கி இதை ஓர் ஆன்மீகத் தளத்துக்கே கொண்டுபோனார். அவருக்கு மஞ்சள் எக்காளமாக ஒலித்தது, நீலம் உள்ளே இழுத்தது. நிறத்தை அடைமொழியாக்குகிற நம் ஆட்கள் கதேயை ஊன்றிப் படித்திருந்தால் மஞ்சளைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் தடுக்கி நின்றிருப்பார்கள். பட்டில் மேன்மையாகத் தெரிகிற அதே மஞ்சள் மட்டமான முரட்டுத் துணியில் ஏறினால் அருவருப்பாகிவிடுகிறது என்கிறார். நிறம் தனியாக நிற்பதில்லை. எதன்மேல் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் விளைவு.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இதைச் சொல்லக் கதே வேண்டியதில்லை. ஓரங்களில் மஞ்சள் தடவி வருவது கல்யாணப் பத்திரிகை. ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்றால் ஆள் திவால். இரண்டும் காகிதம், இரண்டும் மஞ்சள். 2016 நவம்பரில் மணிக்கணக்காக வரிசையில் நின்று இரண்டாயிரம் ரூபாய் நோட்டை முதல் தடவையாக வாங்கியவர்கள் அந்த மஜந்தா நிறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 2023 மே மாதம் அது திரும்பப் பெறப்படும் என்று அறிவித்த பிறகு அதே நோட்டைக் கவுன்டரில் நீட்டியவர்களின் முகம் வேறு. சாயம் மாறவில்லை. நூறு ரூபாயின் இளம் ஊதா மனத்தைச் சாந்தப்படுத்துகிறது என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் சொன்னதில்லை.

நிறத்துக்கு உடலின்மேல் பாதிப்பே கிடையாது என்று சொல்ல வரவில்லை. உண்டு, கவிஞர்கள் தேடுகிற இடத்தில் இல்லை. ஆபரேஷன் தியேட்டரின் பச்சை ஓர் உதாரணம். 1914-ல் சான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற சர்ஜன் வெள்ளையின் கூச்சம் தாங்காமல் தன் அறையைப் பச்சையாக்கினார். ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண் வெள்ளைத் துணிக்குத் திரும்பினால் அங்கே பச்சைத் திட்டுகள் மிதக்கும். துணியே பச்சையாக இருந்தால் அவை தெரிவதில்லை. களைத்த கண்ணின் கணக்கு, அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் காத்திருப்பவருக்கு அந்தப் பச்சைத் துணி அமைதி தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1979-ல் ஸியாட்டிலில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு அடித்து, கைதிகளின் ஆத்திரம் தணிந்துவிட்டது என்றார்கள். வேறு சிறைகளும் அந்த வண்ணத்தை வாங்கிப் பூசின. ஸ்விட்ஸர்லாந்தில் வெள்ளை அறைகளையும் இளஞ்சிவப்பு அறைகளையும் முறையாக ஒப்பிட்டு 2015-ல் வெளிவந்த ஆய்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இன்னொன்று: விழித்திரையில் உருவத்தைக் காட்டுவது முக்கிய வேலையாக இல்லாத சில செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-ல் உறுதியாயிற்று. சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு அவை அதிகம் இசைகின்றன. பகலா இரவா என்று உடலின் கடிகாரத்துக்குச் சொல்கின்றன. இரவில் போன் திரை தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதன் காரணம் இதில் ஒரு பங்கு. ஆக, நீலம் உண்மையில் செய்வது விழிக்கவைப்பது. அதற்குத் துயரம் என்றோ அமைதி என்றோ பெயரில்லை.

அப்படியானால் நிறத்தின் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? இங்கே தொல்காப்பியத்தின் உரியியலைப் பார்ப்பது நல்லது. (பழம்பெருமை பேச இல்லை, அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் அது முதலில் தருகிற பொருள் வெகுளி. அடுத்த நூற்பாவில்தான் இவை நிறத்தையும் குறிக்கும் என்கிறது. கோபம் முதலில், வர்ணம் பிறகு. நூற்பா வரிசையை வைத்துச் சொல்லின் சரித்திரம் எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் ‘அவள் முகம் கறுத்துவிட்டது’ என்று இன்றும் சொல்கிறபோது யாரும் வர்ணத்தைப் பார்ப்பதில்லை. முகம் சிவந்தது, வெளிறியது, கண் சிவந்தது: இவை எல்லாம் வினைச்சொற்கள். நிறம் மனத்தைப் பாதிக்கிறது என்பது ஷேடு கார்டின் வாக்கியம். மனம் நிறமாகிறது என்பது இந்த மொழியின் வாக்கியம். எழுவாய் இடம் மாறிவிடுகிறது.

நாட்டிய சாஸ்திரம் வேறு வழி. அது சிருங்காரத்துக்குச் சியாமம், ஹாஸ்யத்துக்கு வெள்ளை, கருணைக்குப் புறா நிறம், ரௌத்திரத்துக்குச் சிவப்பு என்று பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. மேடைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஷேடு கார்டு ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு மட்டும் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அகக் கவிதையின் பசலைதான் என் வாதத்துக்கு ஆதாரம். பிரிவில் தலைவியின் மேனியில் படர்கிற நிறம் அது. பொன்னிறம் என்கிறார்கள் உரைகாரர்கள். சொல்லிலோ பச்சையின் வேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சளா பச்சையா என்று கேட்பது வீண் வேலை. திருவள்ளுவர் பசப்புக்கென்று ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். குறுந்தொகை 399-ல் பரணர் அதற்குச் சொல்கிற உவமை ஊர்க் கேணியின் பாசி: தொட்ட இடத்தில் விலகுகிறது, கையை எடுத்தால் மூடிக்கொள்கிறது. உவமம் பிறக்கிற இடங்களாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. உரு என்பது நிறம். பரணர் எழுதுவது ஒரு நிறத்தைப் பற்றி, பாசிக்கும் நிறம் உண்டு, இருந்தும் உவமை நிறத்தின்மேல் நிற்கவில்லை, வினையின்மேல் நிற்கிறது. விலகுவதும் படர்வதும்தான் அங்கே உணர்ச்சி. இன்றைய கவிஞன் இதே இடத்தில் பச்சைத் துயரம் என்று இரண்டு சொல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பான்.

பச்சை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் அது பாதி நேரம் நிறமே அல்ல. பச்சைத் தண்ணீருக்கு ஏது பச்சை? பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு, பச்சை மண், பச்சைப் பொய். காய்ச்சப்படாதது, ஆறாதது, மூடி மறைக்கப்படாதது. நெருப்போ காலமோ இன்னும் தொடாத ஒரு நிலை. ஆங்கிலத்திலும் பச்சைக்குப் பழகாதவன் என்ற அர்த்தம் உண்டு. ஆனால் நம் கவிதைக்கு இறக்குமதியானது அது அல்ல, பொறாமையின் பச்சை. பொறாமைக்குத் தமிழ் வைத்திருப்பது எரிச்சல், வயிற்றெரிச்சல். அது நிறத்துக்கே போகவில்லை, வயிற்றுக்குப் போயிருக்கிறது.

இது வெறும் மொழித் தூய்மைவாதம் என்று ஒரு நண்பர் சொல்லக்கூடும். இல்லை. தமிழுக்குள்ளேயே நிறம் நிலையாக இல்லை. 1946-ல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கட்டுவதும் கறுப்பு வேட்டி. ஒரே ஜவுளிக்கடையில் ஒரே பேலிலிருந்து இரண்டுக்கும் கிழிக்கலாம். ஒருவனுக்கு அது மறுப்பு, மற்றவனுக்கு விரதம். இருவர் மனமும் அந்தத் துணியில் இருக்கிறது, சாயத்தில் இல்லை. ‘வானம்பாடி’ காலத்தில், அதாவது 1971-க்குப் பிறகு, சிவப்பு இப்படித்தான் செலவழிக்கப்பட்டது. சூரியன் சிவந்தால் போதும், புரட்சி எழுதியாயிற்று. இன்றைய நீலம் அந்தச் சிவப்பின் தம்பி. குரல் தாழ்ந்திருக்கிறது, பழக்கம் அதேதான்.

வெள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் தூய்மையை விடவில்லை. பல குடும்பங்களில் இருபது வயதில் புருஷனை இழந்தவளுக்கு வெள்ளைப் புடவை கொடுத்தார்கள். அந்த நிறம் தினமும் அவள் மனத்தை என்ன செய்யும் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை; தெரிந்துதான் கொடுத்தார்கள். அவள் பூ வைத்த பெண்களுக்கு நடுவில் போகாமல் இருக்க வேண்டும், போனால் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். இந்த வேலையை நீளமான உபதேசம் எதையும்விட ஆறு கஜம் துணி சுலபமாகச் செய்தது. கிணற்று நீரில் துவைத்துத் துவைத்து அது சில மாதங்களில் பழுப்பேறிவிடும். அந்தப் பழுப்பைக் கவிதையில் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். தூய வெண்மை எழுதுகிறவர்களில் சிலருடைய பாட்டிகளாவது அதை உடுத்தியிருப்பார்கள்.