அலங்காரம் என்று ஒதுக்கப்பட்டவை

நவீன ஓவியம் பற்றித் தமிழில் வெளிவருகின்ற கட்டுரைகளுள் பெரும்பாலானவை ஒரு பெயர்ப்பட்டியலாகவே முடிந்துவிடுகின்றன. 1905இல் ஃபோவிஸம், 1907ஐ ஒட்டிக் கியூபிஸம், 1909இல் ஃபியூச்சரிஸம், 1916இல் டாடாயிஸம், 1924இல் சர்ரியலிஸம் என்று ஆண்டுகளும் ‘இஸங்களும்’ வரிசையாக வரும். இவற்றைப் படித்து முடிக்கும் வாசகர் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருவார். ஒன்று, இது நமக்குச் சம்பந்தமில்லாத ஐரோப்பியச் சரக்கு என்பது. மற்றையது, நாம் பின்தங்கியவர்கள், இனித்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. இரண்டுமே தவறு என்று நான் கருதுகின்றேன்.

இக்கருத்துக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பழைய சம்பவம். 2004ஆம் ஆண்டளவில் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தோம். என்னோடு ஒரு முஸ்லிம் நண்பர் படித்தார். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் அவருடையது. புத்தளத்து அகதி முகாமொன்றில் வளர்ந்தவர். சித்திரபாட ஒப்படைக்கு நாங்களெல்லாம் வள்ளமும் மீனவரும், கிணற்றடியும் பெண்ணும் கீறிக்கொண்டு போனோம். அவர் கவராயமும் அடிமட்டமும் கொண்டு எண்முனை நட்சத்திரங்களைப் பின்னி, நீலமும் காவியும் தீட்டிக்கொண்டு வந்தார். விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டு, “இது அலங்காரம். சித்திரம் அல்ல” என்று சொல்லி மிகக் குறைந்த புள்ளி போட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது அவர், “மச்சான், இதைக் கீற எனக்கு மூண்டு நாள் பிடிச்சது” என்று மட்டும் சொன்னார்.

உருவம் வரைதல் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நுழைய எனக்குத் தகுதியில்லை. என் கேள்வி வேறு. ‘அலங்காரம் வேறு, சித்திரம் வேறு’ என்று அன்று கிழிக்கப்பட்ட அந்தக் கோடு, நவீன ஓவியத்தின் வரலாற்றில் நிற்குமா?

நிற்காது. 1910இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் இஸ்லாமியக் கலைப் பொருட்களின் மாபெரும் கண்காட்சியொன்று நடைபெற்றது. கம்பளங்கள், உலோகப் பாத்திரங்கள், மட்பாண்டங்கள், ஏட்டுச் சித்திரங்கள் என 3,000க்கும் மேற்பட்ட பொருட்கள் வைக்கப்பட்டிருந்தன. அதனைப் பார்ப்பதற்கென்றே பாரிஸிலிருந்து ஒருவர் போனார். அவர் ஹென்றி மத்தீஸ். நெசவுத் தொழில் நடந்த வட பிரான்ஸ் ஊரொன்றில் வளர்ந்தவர். துணியையும் அதன் பூவேலையையும் சிறுவயதிலிருந்தே அறிந்தவர்.

மறுவருடம், 1911இல், அவர் தீட்டிய ‘ஓவியரின் குடும்பம்’ என்ற படத்தைப் பாருங்கள். சிவப்பு உடுப்பணிந்த இரு பையன்கள் பலகை விளையாட்டில் இருக்கிறார்கள். மனைவி ஒரு பக்கத்தில் தையல் வேலையில் இருக்கிறார். கறுப்புச் சட்டை போட்ட மகள் மஞ்சள் புத்தகத்தோடு நிற்கிறாள். நாம் படித்த தூரநோக்கு விதிப்படி தரை பின்னோக்கிச் சரிந்து போக வேண்டும். இங்கே கம்பளம் சுவரைப்போல எழுந்து நிற்கின்றது. சுவர்த்தாளின் பூவும் கம்பளத்தின் பூவும் மனிதரும் ஒரே தளத்தில், ஒரே உரிமையோடு இருக்கிறார்கள். மனிதன் நடுவில், மற்றவை பின்னணியில் என்ற ஐரோப்பிய ஒழுங்கு குலைந்துவிட்டது. இந்தப் பார்வையைப் பாரசீக ஏட்டுச் சித்திரமும் கம்பளமும் பல நூற்றாண்டுகளாகப் பழகி வந்தன. தமக்கான வெளிப்பாடு கிழக்கிலிருந்தே வந்தது என்று மத்தீஸ் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கின்றார்.

இன்னொருவர் பால் கிளே. 1914 ஏப்ரலில் ஓகஸ்ட் மாக்க, லூயி முவாலியே என்ற இரு ஓவிய நண்பர்களோடு துனீசியா சென்றார். இரண்டு வாரமளவிலான பயணம்தான். பழம்பெரும் பள்ளிவாசலைக் கொண்ட கைரவான் நகரில், நிறம் தன்னை ஆட்கொண்டுவிட்டது, இனித் தான் ஓர் ஓவியன் என்ற பொருள்படத் தன் நாட்குறிப்பில் எழுதினார். அங்கு அவர் தீட்டிய நீர்வர்ணப் படங்களில் வீடுகளும் குவிமாடங்களும் சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மாக்க அதே ஆண்டு செப்டெம்பரில் உலகப்போரில் மாண்டார். கிளே அந்தச் சதுரங்களோடு வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆக, எங்கள் கலாசாலையில் குறைந்த புள்ளி பெற்ற கலைமரபுக்குத்தான் நவீன ஓவியத்தின் பெரியவர்கள் இருவர் மாணவராக இருந்திருக்கிறார்கள். அதற்காக, ‘எல்லாம் நம்மிடமிருந்தே போனது’ என்று மார்தட்டிக்கொள்வதும் விமர்சனமாகாது. கம்பளத்தில் இல்லாத ஒன்றை மத்தீஸ் செய்தார். அந்தக் கறுப்புச் சட்டைச் சிறுமியின் தனிமை எந்தக் கம்பளத்திலும் கிடையாது. கற்றுக்கொண்டதை அவர் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார் என்பதே அவருடைய ஆற்றல்.

கேட்கவேண்டிய கேள்வி பெயர்களைப் பற்றியது. மத்தீஸ் முதன்முறை மொரோக்கோவின் தஞ்சீரில் தங்கியிருந்த நாட்களில்தான், 1912 மார்ச் 30இல், அந்நாடு பிரான்ஸின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. 1907இல் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ தீட்டிய பிக்காஸோவை ஆட்டிவைத்த ஆபிரிக்க முகமூடிகள் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு வந்த வழியும் காலனித்துவத்தின் வழியே. கடன் வாங்கியவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். கம்பளம் நெய்தவர், முகமூடி செதுக்கியவர் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. ‘இஸங்களின்’ பட்டியல் கடன் வாங்கியவர்களின் பட்டியலே. அதை அப்படியே தமிழில் பெயர்த்து எழுதும்போது நாமும் அந்த மறதிக்கு உடந்தையாகின்றோம்.

இலங்கைக்கு நவீன ஓவியம் வந்த கதையும் இப்படித்தான் பாதி சொல்லப்படுகின்றது. 1943 ஓகஸ்ட் 29இல் கொழும்பில் லயனல் வென்ட் வீட்டில் ‘43 குழு’ தோன்றியதைச் சொல்வார்கள். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, மஞ்சுசிறி முதலியோரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியவர்களே. 1939–40இல் பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் கீற் தீட்டிய புத்த சரிதத்தில், கண்டிய விகாரைச் சித்திரத்தின் கோடும் கியூபிஸத்தின் உடைவும் ஒரே கையிலிருந்து வருகின்றன. இரவல் என்று அதை யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதற்கு முந்திய படி பாடசாலை என்பதைப் பலர் சொல்வதில்லை. ஐரோப்பியப் புதிய ஓவியத்தை 1920களில் இங்கு அறிமுகம் செய்தவர்களுள் முக்கியமானவர் சி. எஃப். வின்சர், அவர் பாடசாலைகளின் பிரதம சித்திர வித்தியாதரிசி. அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜெஃப்ரி பெலிங் 43 குழுவின் ஓவியர். யாழ்ப்பாணத்தில் 1938இல் வின்சர் பெயரிலேயே ஓவியக் கழகம் அமைத்த எஸ். ஆர். கனகசபையும் சித்திர வித்தியாதரிசிதான். குருநகரில் பிறந்த அ. மாற்கு பாடசாலைச் சித்திர ஆசிரியர். 1995 இடப்பெயர்வில் தம் ஓவியங்களுள் பெரும்பகுதியை இழந்தவர், 2000இல் காலமானார். வடக்கில் நவீன ஓவியம் வளர்ந்தது வகுப்பறையில். சித்திரபாடத்தில் ஓர் ஆசிரியர் போடும் புள்ளி, ஒரு மரபு தொடருமா அறுந்துபோகுமா என்பதைத் தீர்மானிக்கக்கூடியது என்பதை இதனாலேயே சொல்கின்றேன்.

நான் படிப்பிப்பது நெடுந்தீவில். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். இங்கே ஓவியக்கூடமில்லை. மத்தீஸை நான் முதலில் பார்த்ததே கறுப்பு வெள்ளை அச்சில்தான். நிறத்துக்காகவே வாழ்ந்த ஒரு மனிதரை அப்படிப் பார்த்துவிட்டு நானும் அவர்மேல் அபிப்பிராயம் வைத்திருந்தேன்! இப்போது பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியில் நிறத்தோடு காட்ட முடிகின்றது. காட்டிவிட்டு வெளியே கூட்டிப்போவேன். சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் எங்கள் தீவு முழுவதும் உண்டு. ஒரு கல்லைப்போல் மறுகல் இராது. ஒன்றன் பாரத்தில் மற்றது நிற்கும். அதைக் கீறச் சொல்வேன். பனையோலைப் பாயின் பின்னலைக் கீறச் சொல்வேன். “சேர், இதுவும் சித்திரமோ?” என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். ஓம் என்பேன். முழுப்புள்ளியும் போடுவேன்.

சென்ற வருடம் அந்த நண்பரோடு தொலைபேசியில் கதைத்தேன். அவரும் புத்தளத்தில் ஆசிரியராக இருக்கின்றார். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை மறந்தே போயிருந்தார், அல்லது மறந்ததாகச் சொன்னார். அந்தச் சித்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். “அது எப்பவோ துலைஞ்சு போச்சு மச்சான். வீடு மாறி மாறி இருந்ததுதானே” என்றார்.

1990இலும் 1995இலும் வீடுகளோடு போனவற்றுள் எத்தனை கோலங்கள், எத்தனை மரவேலைகள், எத்தனை தையல் வேலைகள் இருந்தன என்பதற்கு நம்மிடம் பட்டியல் இல்லை. ‘அலங்காரம்’ என்று நாமே ஒதுக்கியதால் எழுதிவைக்கத் தோன்றவில்லை. இச்சஞ்சிகையின் வாசகர்கள் தத்தம் ஊரில் எஞ்சியிருப்பதையாவது, செய்தவர் பெயரோடு, குறித்துவைக்க வேண்டும். நவீன ஓவியம் பற்றிய நம் அடுத்த கட்டுரை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.