சுவரில் ஏறிய போர்வை

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்டுகளை ஓவியங்களைப் போல வெள்ளைச் சுவரில் தொங்கவிட்டது. கட்டிலில் கிடந்த ஒட்டுத்துணிப் போர்வைகள் அரூப ஓவியத்துக்கு நிகராகப் பேசப்பட்டன. அது பெரிய வெற்றி. ஆனால் தைத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் அங்கே இல்லை. ஓவியம் மாதிரி இருந்ததற்காகப் புகழப்பட்டதால், அவை துணி என்பதே பின்னுக்குப் போனது. இழைக்கலைக் கண்காட்சிகளை இந்தச் சிக்கல் இன்னும் விட்டபாடில்லை.

2002இல் அதே விட்னிக்கு ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகள் வந்தபோது பெயர்களும் கூடவே வந்தன. அலபாமா ஆற்று வளைவுக்குள் இருக்கும் கறுப்பினச் சிற்றூர் அது. வறுமையும் குளிரும்தான் அங்கே பெண்களை ஊசி எடுக்க வைத்தன. அவ்வூரின் மிசூரி பெட்வே 1942இல் தைத்த குயில்ட், இறந்துபோன கணவர் வேலைக்கு உடுத்திய துணிகளை வெட்டி, அவர் நினைவோடு போர்த்திக்கொள்ளச் செய்தது. தள்ளி நின்று பார்த்தால் சாம்பலும் நீலமுமாகக் கோணல்மாணலான பட்டைகள். எந்த அரூப ஓவியருக்கும் சளைக்காத அமைப்பு என்பேன். கட்டிலில் விரித்தால் இந்த முழு வடிவம் கண்ணுக்குள் அடங்காது. சுவர் தந்த கொடை அது. கிட்டே போனால் வெளுத்த இடங்கள் தெரியும், ஓர் உடம்பு உழைத்த உழைப்பும் தெரியும்.

சுவர் பறித்துக்கொள்வதும் உண்டு. மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல், இத்தனையும் சேர்ந்ததுதான் குயில்ட். நேரெதிரே விழும் ஒளியில் தையலின் மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. பின்புறம் கண்ணில் படுவதே இல்லை. தொடாதீர்கள் என்பது நியாயம்தான். கைப்பிசுக்கு பழந்துணியைக் கெடுக்கும். ஆனால் சிலவற்றையாவது கூரையிலிருந்து தொங்கவிட்டு, பக்கவாட்டில் மங்கலாக ஒளி விழச் செய்யலாமே.

சுவருக்கென்றே தைக்கப்படும் கலைக் குயில்ட்டுகளிடம் கேட்க வேண்டியது வேறு. ஒஹாயோவின் ஏதென்ஸில், பழைய பால்பண்ணைக் கொட்டிலில் 1979இல் தொடங்கிய ‘குயில்ட் நேஷனல்’ போட்டிக் கண்காட்சி இவற்றுக்கு ஒரு முகவரி தந்தது. ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட் ‘டார் பீச்’ என்ற கதைக் குயில்ட்டில் (1988) கதையைக் கித்தானில் தீட்டி, சுற்றிலும் ஒட்டுத்துணியால் கரை கட்டினார். தையற்காரரான தாயிடமிருந்து வந்த வித்தை அந்தக் கரையில் இருக்கிறது. அதை நீக்கினால் படைப்பே குன்றிப்போகும். புகைப்படத்தை நூலால் அப்படியே நகலெடுக்கும் படைப்புகளிலோ பொறுமை மட்டுமே வியக்க வைக்கிறது. தாளில் அச்சிட்டாலும் எதுவும் குறையாது என்றால் அங்கே துணிக்கு என்ன வேலை? இத்தகைய போட்டிகளில் நடுவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே தேர்வு செய்வதால் இவை எளிதில் உள்ளே வந்துவிடுகின்றன. துணியின் எடையும் தையலின் ஆழமும் படத்தில் வராது. இறுதிச் சுற்றிலாவது குயில்ட்டை நேரில் வரவழைத்து, மேசையில் விரித்து, புரட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.