மாசினியின் சூளுரை: மூலச் சான்றைக் கற்பிக்கும் நெறி

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தேசிய உணர்ச்சியையும் புரட்சியையும் மூலச் சான்றுகளைக் கொண்டே கற்பித்தல் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. எனினும், முன்னரே வகுத்துக்கொண்ட முடிவுக்கு மேற்கோளாகும் அளவிலேயே சான்று வகுப்பறையுள் நுழைகின்றது. 1831-இல் மார்சேல் நகரில் மாசினி தோற்றுவித்த 'இளைய இத்தாலி' என்னும் கழகத்தின் சூளுரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பாரதியார் அதனைத் தமிழ்ப்பாட்டாக யாத்தமையின் நம் மாணவர்க்கு அது புதிதன்று. இத்தாலிய மக்களின் நாட்டுப்பற்றுக்கு அது சான்று எனக் கூறி மேற்செல்வது பெருவழக்கு. அக்கூற்றுப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1831-இல் இத்தாலி என்றோர் அரசு இல்லை. சார்தீனிய அரசு, ஆசுத்திரியர் ஆண்ட லொம்பார்தி-வெனிசு, போப்பாண்டவர் நிலம், இரு சிசிலி அரசு எனப் பலவாய்ப் பிரிந்து கிடந்த நிலப்பரப்பே அஃது. 1861-இல் ஓரரசு அமைந்தபோதும், பொது இத்தாலிய மொழி பேசவல்லார் நூற்றுக்குப் பதின்மரை மிகார் என்பது மொழியறிஞர் மதிப்பீடு. ஆகவே, அச்சூளுரை முன்பே ஒன்றுபட்டிருந்த மக்களின் குரலன்று. அவர்களை ஒன்றாக்க முயன்ற கருவி.

இதனைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்த வஞ்சினக் காஞ்சி பெரிதும் துணைசெய்யும். புறநானூற்றின் 72-ஆம் பாட்டில் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லானாயின் தன் குடிகளே தன்னைப் பழிக்கட்டும் என்றும், மாங்குடி மருதன் முதலான புலவர் தன் நாட்டைப் பாடாது கைவிடட்டும் என்றும் சூளுரைக்கின்றான். அவன் அரசன் என்பதை நீக்கின் அவ்வஞ்சினம் பொருளற்றுப்போம். மாசினியின் சூளுரையும், தவறின் கடவுளின் சினமும் மாந்தரின் வெறுப்பும் தன்னைச் சாரட்டும் என்றே முடிகின்றது. ஆயின், அங்கே 'நான்' என்னுஞ் சொல்லை அடுத்து ஏற்பவன் எவனாயினும் தன் பெயரை இட்டுக்கொள்ளலாம். பிறநாட்டுக் குடிமக்கள்முன் நிற்குங்கால், தனக்குக் குடியுரிமையும் நாடும் கொடியும் இன்மையால் எழும் நாணத்தின்மேல் அவன் ஆணையிடுகின்றான். செனோவா நகரத்தானும் நாப்பொலி நகரத்தானும் அவ்வொரே நாணத்தைத் தமதாகக் கூறியாதல் வேண்டும். (பாரதியாரும் அந்நாணத்தை விடாது தம் பாட்டில் வைத்துள்ளார்.) அரசன் ஒருவனுக்குரிய மானம் எவர்க்கும் உரியதாக மாறிய இடம் இதுவே. புரட்சி என்று நாம் கற்பிக்க வேண்டுவது, வாளெடுத்த நிகழ்ச்சிகளினும் இம்மாற்றத்தையே என்பது என் துணிபு.

இன்னொன்றும் உண்டு. 'கார்பொனாரி' என்னும் மறைக்கழகத்தில் தாம் சேர்ந்ததை மாசினி விரித்துரைத்துள்ளார். மண்டியிடச் செய்து, குறுவாளை உருவி, உறுதிமொழியைச் சொல்லுவித்தனராம். அது கீழ்ப்படிதலையே வேண்டியதன்றி, அடையவேண்டிய குறிக்கோளைக் குறித்து ஒன்றும் கூறவில்லையாம். இப்பகுதியைச் சூளுரையோடு அடுத்துவைத்துக் கற்பித்தல் சுவையுடையது, இடர்ப்பாடும் உடையது. சூளுரை இயக்கத்தின் தொடக்கத்திலேயே பிறந்த ஆவணம். மற்றையதோ, 1861-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூல்தொகுதிக்கு மாசினி எழுதிய நினைவுக் குறிப்பு. தாம் விட்டு நீங்கிய கழகத்தைப் பற்றி, அதற்கு மாறாகப் புதுக்கழகம் கண்டவரே எழுதியது. தொல்காப்பிய நூற்பாவையும் நச்சினார்க்கினியர் உரையையும் ஒன்றாகக் கொள்ளாத நாம், ஐரோப்பிய வரலாற்றுக்கு வந்தவுடன் அவ்விழிப்பை இழப்பது வியப்பே. சூளுரை வேண்டியது குடியரசு. அக்குறிப்புகள் வெளிவரத் தொடங்கிய ஆண்டில் இத்தாலியில் அமைந்ததோ இரண்டாம் விக்டர் இம்மானுவேலின் முடியரசு.